பிளாஸ்டிக்கில் மின்சாரம் பாய வைக்க முடியுமா? வீட்டில் செய்யலாமா?

முடியும். இலங்கையின் வடக்கே கிளிநொச்சியில் ரீவி, றேடியோ திருத்துகிறேன். தேய்ந்த றிமோட் பட்டன்களுக்கு இதைத்தான் செய்கிறேன். பட்டனின் அடியில் கறுப்பாக ஒரு சின்ன வட்டம் இருக்கும். கரி கலந்த றப்பர் அது. அமத்தும்போது உள்ளே மின்சுற்றுப் பலகையிலுள்ள இரண்டு தடங்களைச் சேர்த்துவைக்கும்.

முதன்முதலில் அடுப்புக்கரியை இடித்துப் பசையில் குழைத்துப் பூசினேன். காய்ந்த பிறகு மின்தடை அளக்கும் மீற்றரை வைத்தால் முள் அசையவே இல்லை. குறைந்த சூட்டில் வெந்த விறகுக்கரி கறுப்பாக இருக்குமே தவிர, சரியாகக் கடத்தாது. ஏறக்குறைய 700 பாகை செல்சியஸ் கண்ட கரிதான் உதவும்.

பிறகுதான் பற்றரிக்குள் இருக்கும் கரிக்கோல் ஞாபகம் வந்தது. 90களில், போர்க்காலத்தில், எங்கள் வன்னிப் பகுதிக்குப் பற்றரி கொண்டுவரத் தடை. தீர்ந்த பற்றரியை வெயிலில் வைத்து, ஓட்டை போட்டு உப்புத்தண்ணி விட்டுச் செய்தி கேட்போம். அதுவும் செத்தால் உடைத்துக் கரிக்கோலை எடுத்துச் சீமெந்துத் தரையில் கோடு கீறுவோம். அந்தக் கோலை அரத்தில் தேய்த்த தூளைக் கலந்து பூசியதும் முள் எழும்பியது. கோலைச் சுற்றியிருக்கும் கறுப்பு மாவில் மங்கனீசு ஈரொட்சைட்டு இருக்கிறது, அதை எடுக்காதீர்கள்.

இதில் மின்சாரம் போவது கரி வழியாகத்தான், பிளாஸ்டிக் மின்சாரம் கடத்தாத காவலியாகவே இருக்கும். வாய்க்காலில் கல்லுப் போட்டுக் கடப்பதுபோல: நடுவில் ஒரு கல் இல்லையென்றால் அக்கரை போகேலாது. தூள் ஐதாக இருக்கும்வரை மீற்றர் ஒன்றும் காட்டாது. துகளோடு துகள் தொடும் அளவு வந்ததும் மின்தடை சட்டென்று சில ஆயிரம் ஓமுக்கு இறங்கும். மெல்லியதாக இரண்டு மூன்று முறை பூசி, காய்ந்தபின் பருத்தித் துணியால் தேயுங்கள். றிமோட்டுக்கு இது போதும். 230 வோல்ற் லைனுக்குக் கிட்டவும் கொண்டுபோகவேண்டாம், சூடாகி எரியும்.

பிளாஸ்டிக்கே கடத்துவதும் உண்டு. 1977இல் சிராகவா, மக்டயர்மிட், ஹீகர் என்ற மூன்று விஞ்ஞானிகளும் பொலிஅசற்றலீன் என்ற பிளாஸ்டிக் படலத்துக்கு அயடீன் ஆவி காட்டி, அதன் கடத்துதிறனைப் ஒரு கோடி மடங்குக்கு மேல் கூட்டினார்கள். 2000இல் இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது. காற்றுப் பட்டால் அந்தப் படலம் கெட்டுவிடும், வீட்டு வேலைக்கு உதவாது. பிளாஸ்டிக்கின் மேல் உலோகம் படியவைப்பது இன்னொரு வழி. குரோம் முலாம் பூசுவதற்குப் பிளாஸ்டிக்கைக் குரோமிக் அமிலத்தில் அரிக்கவைப்பார்கள். புற்றுநோய் தரும் சாமான், தயவுசெய்து முயலாதீர்கள்.

பற்றரிக் கோல் கிடைக்காவிட்டால் மென்மையான 6பி பென்சிலின் உள்கரியை இடியுங்கள். சாதாரண எச்பி பென்சிலில் களிமண் கூடுதல், முள் அவ்வளவாக எழும்பாது.