செபரேட்டா, டிவைடா? கேள்வி பதில்

பெருந்துறை: செபரேட், டிவைட் இரண்டுக்குமே ‘பிரி’ என்றுதானே சொல்கிறோம். என்னங்க வித்தியாசம்?

ஜின்னிங் மில்லை நினைத்துக்கொள்ளுங்கள். பஞ்சும் கொட்டையும் ஒட்டிக் கிடந்தாலும் வேறு வேறு பொருள். ஒன்றிலிருந்து மற்றதை எடுப்பது செபரேட். ஐந்து ஏக்கர் தோட்டத்தை அண்ணன் தம்பிகள் பாகம் பிரிப்பது டிவைட். முழுசாக இருந்தது துண்டாகிறது. முன்னதற்குப் பெரும்பாலும் ஃப்ரம், பின்னதற்கு இன்டு. எழுதும்போது கவனம்: செபரேட்டில் ‘பி’க்கு அடுத்து ‘ஏ’, ‘இ’ அல்ல.

ஈரோடு: மஞ்சளை விரலி, கிழங்கு என்று பிரிப்பது?

செபரேட். இங்கே இன்டுவும் வரும்.

பள்ளிபாளையம்: ஆறு பிரிக்கிறது என்றால்?

நல்ல கேள்வி. உங்கள் ஊருக்கும் ஈரோட்டுக்கும் நடுவே காவிரி. இரண்டும் தனித்தனி ஊர், அதனால் செபரேட். நொய்யல் திருப்பூருக்குள்ளேயே ஓடுகிறது. ஊர் ஒன்றுதான், ஆறு அதை டிவைட் செய்கிறது.

பல்லடம்: 2009இல் கோவையிலிருந்து திருப்பூர் மாவட்டம் பிரிந்தது. இது எதுங்க?

இரண்டும். கோவையை எழுவாயாக வைத்தால் டிவைட் ஆனது. பல்லடத்தை வைத்தால் செபரேட் ஆனது.

தாராபுரம்: கோவையை மட்டும் சொன்னால் எப்படிங்க ஐயா? நாங்கள் ஈரோட்டிலிருந்து வந்தவர்கள்.

நீங்கள் சொல்வதுதான் சரி, ஈரோட்டையும் சொல்லியிருக்க வேண்டும். 1979இல் பெரியார் மாவட்டம் உருவானபோது கோவையை விட்டீர்கள்; அதுதான் பிறகு ஈரோடு மாவட்டம். 2009இல் அதையும் விட்டீர்கள். ஆக தாராபுரம் இரண்டு முறை செபரேட் ஆனது. கோவையும் இரண்டு முறை டிவைட் ஆனது, ஈரோடு ஒரு முறை. வினையைத் தேடும் முன் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று முடிவு செய்யச் சொல்வது இதற்காகத்தான்.

உடுமலை: நாங்கள் நேராகக் கோவையிலிருந்து வந்தோம். எங்களுக்கு?

ஒரு முறை செபரேட். மாவட்டக் கதையை இத்தோடு விடுவோம்.

கரூர்: கணவன் மனைவி செபரேட்டட் என்றால் விவாகரத்துதானே?

இல்லவே இல்லை அம்மிணி. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில் 10வது பிரிவு நீதிமன்றம் வழியாகப் பிரிந்து வாழ்வது; 13வது பிரிவு விவாகரத்து. முன்னதில் திருமண பந்தம் அப்படியேதான் இருக்கும், மறுமணம் செய்ய முடியாது. விண்ணப்பத்தில் மாற்றி எழுதிவிடாதீர்கள்.

கோபி: செபரேட், டிவைட் என்ன வித்தியாசம்?

முதல் பதிலைப் படியுங்கள் தம்பி.

அவிநாசி: எனக்கும் அதே சந்தேகம். ‘செபெரேட்’ என்றால்...

முதல் பதில். ‘பி’க்கு அடுத்து ‘ஏ’.