பனிக்கடலில் ஒரே இடத்தில் நிற்பது

அன்புள்ள ஐயா,

வட துருவத்துக்கு அருகே கடலடி மண்ணைத் துளைத்தெடுத்த 2004 பயணம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஒரு கப்பல் துளையிட, இரண்டு பனியுடைப்புக் கப்பல்கள் கூடவே நின்றன என்கிறீர்கள். நங்கூரம் இல்லாமலே கப்பலை ஓரிடத்தில் நிறுத்தி வைக்கும் டி.பி. (டைனமிக் பொசிஷனிங்) முறை எண்ணெய்த் துரப்பணத்தில் அன்றாட விஷயம். ஜி.பி.எஸ். இருக்கிறது, கணினி இருக்கிறது. பிறகு எதற்கு மூன்று கப்பல்?

எஸ்., தூத்துக்குடி

அன்புள்ள எஸ்.,

நீங்கள் சொல்லும் டி.பி. திறந்த கடலுக்காக வளர்ந்தது. 1961இலேயே ‘யுரேகா’ என்ற கப்பல் தானியங்கியாக நின்று காட்டிவிட்டது. காற்று தள்ளினால் காற்றுமானி முன்கூட்டியே சொல்லிவிடும். கப்பலை எந்தப் பக்கமும் தள்ளக்கூடிய த்ரஸ்டர் என்ற உந்துவிசிறிகள் உடனே எதிர்த்துத் தள்ளும். அலை கப்பலை முன்னும் பின்னும் ஆட்டும், ஆனால் கொண்டுபோய்விடாது. அந்த ஆட்டத்தைக் கழித்துவிட்டு மெல்ல நகர்வதை மட்டும் கணினி திருத்துகிறது. 1970களில் நார்வேயில் பொறியாளர் யென்ஸ் பால்கென் குழுவினர், குழப்பமான அளவீடுகளிலிருந்து உண்மையான நகர்வைப் பிரித்தெடுக்கும் கால்மன் வடிகட்டி என்ற கணித முறையைக் கொண்டு இதைச் செய்தார்கள். அழகான வேலை.

பனியில் இந்தக் கணக்கு பிசகுகிறது. வந்து மோதப்போகும் பனிப்பாளத்தின் விசையைக் காற்றைப்போல முன்கூட்டி அளந்து சொல்ல எளிய கருவி கிடையாது. பாளம் முட்டி நெருக்குகிறது. கணினி விசையைக் கூட்டிக்கொண்டே போகிறது. திடீரென்று பாளம் பிளக்கிறது. கயிறு இழுக்கும் போட்டியில் எதிரணி சட்டென்று கையை விட்டால் என்ன ஆகும்? கப்பலுக்கும் அதே கதி. பாளங்கள் நகரும் திசை மாறிவிட்டாலோ இன்னும் மோசம். கூரான முகப்பில் வாங்க வேண்டிய அடியைக் கப்பல் நீண்ட விலாவில் வாங்கும்.

இத்தனைக்கும் நடுவே கப்பலின் வயிற்றிலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் நீண்ட துரப்பணக் குழாய் கடலுக்கடியில் இருக்கும் லோமோனோசோவ் மலைத்தொடரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. கப்பல் அளவுக்கு மீறி விலகினால் குழாய் வளைந்து முறியும்.

அதனால்தான் மூன்று கப்பல். ரஷ்ய அணுசக்திக் கப்பல் ‘சோவெத்ஸ்கி சோயூஸ்’ தூரத்திலேயே பெரும் பாளங்களைப் பிளந்தது. ஸ்வீடனின் ‘ஓடன்’ அவற்றை இன்னும் சிறிதாக நொறுக்கியது. நொறுங்கியது வந்து சேரும் இடத்தில் ‘விடார் வைக்கிங்’ துளையிட்டது. அதையும் தானியங்கியிடம் விடவில்லை என்பதை உங்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மாலுமிகள் பனியைப் பார்த்துப் பார்த்துக் கையாலேயே கப்பலை நிறுத்தினார்கள், ஒரு கட்டத்தில் தொடர்ந்து 9 நாட்கள். அந்தப் பயணத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் விஞ்ஞானிகளைச் சொல்லிவிட்டு இவர்களை விட்டுவிடுவது எனக்கு வருத்தம். என் கட்டுரையிலும் ஒரு வரிதான் எழுதினேன், போதாது.

பனிக்கான டி.பி.யை உருவாக்கும் முயற்சிகள் அதற்குப் பிறகு நடந்திருக்கின்றன. 2010களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில், நீரை உறைய வைத்துச் சோதிக்கும் பனித்தொட்டியில் மாதிரிக் கப்பல்களை வைத்துச் சோதித்தார்கள். அங்கேயும் பாளங்களை முன்கூட்டியே உடைத்துவிட்ட நிலையைத்தான் முக்கியமாக எடுத்துக்கொண்டார்கள். உடைக்கும் கப்பல் கணக்கிலிருந்து போகவில்லை.

அப்படி நின்று எடுத்த மண் கடலடிக்குக் கீழே 428 மீட்டர் ஆழம் வரை. அதில் சுமார் 4.9 கோடி ஆண்டுக்கு முந்தைய அடுக்கில் அசோலாவின் எச்சங்கள் குவிந்திருந்தன. நம் வயல்களில் நெல்லுக்கு உரமாக மிதக்க விடுகிறோமே, அந்த அசோலாவின் இனம்தான்.