சுண்டிக்குளத்தில் பிள்ளைகளோடு நடக்கலாமா?

கேள்வி: டிசம்பர் விடுமுறைக்கு 8, 11 வயதுப் பிள்ளைகளைச் சுண்டிக்குளம் தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப்போய் நடக்கவைக்க ஆசை. நல்ல நடைபாதை இருக்கிறதா?
- வாசகி, திருநெல்வேலி, யாழ்ப்பாணம்

பதில்: கட்டாயம் கூட்டிப்போங்கள், ஆனால் டிசம்பரில் வேண்டாம். அது எங்களுக்கு மாரி காலம், கடலேரி நிரம்பிக் கரையெல்லாம் சேறாக இருக்கும், பிள்ளைகளின் கால் புதையும். ஜனவரி கடைசி, பிப்ரவரி என்றால் தண்ணீர் வற்றத் தொடங்கும். அந்த ஆழமில்லாத தண்ணீரில்தான் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து, அலகால் வடித்துச் சாப்பிடும். வடக்கு ஆசியாவிலிருந்து வரும் ஊசிவால் வாத்துகளும் அப்போது நிற்கும். 1938-இல் பறவைகள் சரணாலயமாக்கி 2015-இல் தேசியப் பூங்காவாக்கிய இடம் அது. ஆனாலும் அம்புக்குறி போட்ட பாதைகளை எதிர்பார்த்துப் போகாதீர்கள். மருதங்கேணி, வெற்றிலைக்கேணிப் பக்கத்தால் போய், ஊர்ச் சனம் நடந்து தேய்ந்த தடத்திலேயே நில்லுங்கள், பற்றைக்குள் குறுக்கு வழி தேட வேண்டாம். போர் நடந்த மண் அது, மிதிவெடி எச்சரிக்கைப் பலகை கண்டால் அதற்கு அப்பால் ஒரு அடிகூட வைக்கக்கூடாது, பிள்ளைகளுக்கும் இதை முதலே சொல்லிவையுங்கள்.

இன்னொன்று, இதை மன்றாடியே கேட்கிறேன்: படம் எடுப்பதற்காகப் பூநாரைகளைக் கலைக்காதீர்கள், ட்ரோனும் விடாதீர்கள். ஒவ்வொரு முறை எழும்பிப் பறக்கும்போதும் அவை சாப்பிட்டுச் சேர்த்த பலம் வீணாகிறது. ஒரு பைனாகுலர் இரவல் வாங்கிக்கொண்டு தூரத்தில் இருந்து பார்த்தாலே பிள்ளைகள் அசையமாட்டார்கள்.

சரி, டிசம்பரிலேயே எங்காவது போகவேண்டும் என்றால் மழை விட்ட ஒரு நாளில் மணற்காடு என்ற கடற்கரை ஊருக்குப் போங்கள். பருத்தித்துறைக்குப் போய்க் குடத்தனைப் பக்கம் திரும்பினால் மணல் மேடுகள், சவுக்கங்காடு, மணல் மூடிய பழைய அந்தோனியார் தேவாலயத்தின் இடிந்த சுவர்கள் என்று பிள்ளைகளுக்குப் பார்க்க நிறைய இருக்கிறது. மணலில் நடை மெல்லத்தான் போகும், கடல் நனைத்த ஈர மணலில் நடந்தால் கால் நோகாது. அந்த மாதம் கடல் கொந்தளிப்பாக இருக்கும், குளிக்க விடாதீர்கள். விடியவே வெளிக்கிட்டு, வெயில் ஏறமுதல் திரும்பிவிடுங்கள், தண்ணீர்ப் போத்தல்களையும் வீட்டிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.