சேணத்தைச் சாக்கில் கட்டி அனுப்பலாமா?

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் இருக்கிறோம். பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் அங்கே குதிரையேற்றம் பழகுகிறாள். என் மாமனாருடைய சேணம் ஒன்று மச்சில் கிடக்கிறது. கான்பூரில் செய்தது, ஆங்கிலப் பாணி. அதை அனுப்பச் சொல்கிறாள். திருநெல்வேலியில் பார்சல் ஆபீஸில் விசாரித்தால், ‘சாக்கில் சுற்றித் தைத்துக் கொடுங்க, போதும்’ என்கிறார்கள். என் கொழுந்தனார் வைக்கோல் அடைத்துப் பெட்டியில் போடச் சொல்கிறார். தோல் சாமான்தானே, என்ன ஆகிவிடப் போகிறது என்றும் தோன்றுகிறது. எப்படி அனுப்பலாம்?

பதில்: சாக்கும் வேண்டாம், வைக்கோலும் வேண்டாம்.

தோல் என்பது மேலே தெரிவது மட்டும்தான். உள்ளே முன்மேட்டிலிருந்து (சேணத்தின் உயர்ந்த முன்முனை) பின்மேடு (உயர்ந்த பின்முனை) வரைக்கும் ஒரு சட்டம் ஓடுகிறது. பழைய ஆங்கிலச் சேணங்களில் பெரும்பாலும் மரமும் எஃகுப் பட்டையும் சேர்ந்தது. ட்ரீ என்பார்கள். சாக்கு மூட்டையாகப் போனால் லாரியில் அதன் மேல் இன்னும் நாலு மூட்டை ஏறும். அப்போது சட்டம் முறுக்கிக்கொள்ளும், அல்லது விரிசல் விடும். தோல் மூடியிருப்பதால் வெளியே ஒன்றும் தெரியாது. அதைப் போட்டு ஏறினால் பாரம் சமமாக இறங்காமல் குதிரையின் முதுகில் ஒரே இடத்தில் அழுத்திப் புண்ணாக்கிவிடும். சட்டத்தை மாற்றுகிற செலவுக்குப் பேசாமல் வேறு சேணமே வாங்கிவிடலாம்.

அதனால் முதலில் சோதித்துவிடுங்கள். முன்மேட்டை வயிற்றில் முட்டுக் கொடுத்து, பின்மேட்டை இரண்டு கையாலும் உங்கள் பக்கமாக இழுங்கள். லேசாக வளைந்து திரும்பினால் பரவாயில்லை. உட்காரும் இடத்துத் தோல் நடுவில் சுருக்கம் விழுந்தாலோ, உள்ளே ‘கறக்’ என்று சத்தம் கேட்டாலோ சட்டம் போய்விட்டது. முன்மேட்டுக்கு அடியில் இருக்கும் முன்வளைவின் இரண்டு பக்கத்தையும் பிடித்து அகட்டிப் பாருங்கள். அது அசையவே கூடாது. முன்வளைவின் அகலத்தை அளந்து, நாலைந்து போட்டோவோடு மகளுக்கு அனுப்பி, அவள் ஏறுகிற குதிரைக்குப் பொருந்துமா என்று பயிற்சியாளரிடம் கேட்கச் சொல்லுங்கள். எல்லாக் குதிரைக்கும் எல்லாச் சேணமும் பொருந்தாது. கூலி கொடுத்து அனுப்பிய பிறகு இது தெரியவந்து பிரயோஜனமில்லை.

மச்சில் கிடந்தது என்கிறீர்கள். அம்பைப் பக்கத்துச் சாரல் காற்றுக்குக் கட்டாயம் பூஞ்சணம் பிடித்திருக்கும். முற்றத்துக்குக் கொண்டுவந்து, முதலில் காய்ந்த துணியால் துடையுங்கள். பிறகு சேடில் சோப்பை (தோல் சாமான் துடைக்கிற சோப்பு) ஈரத்துணியில் தொட்டு, நுரை குறைவாகத் தேய்த்துத் துடைத்து, நிழலில் காற்றோட்டமாக இரண்டு மூன்று நாள் வையுங்கள். வெயில் ஆகாது; தோல் விறைத்து வெடிக்கும். பளபளப்புக்காகத் தேங்காயெண்ணெய் தடவிவிடாதீர்கள். நம் வீட்டில் எல்லாவற்றுக்கும் அதுதானே மருந்து! ஆனால் 24 டிகிரிக்குக் கீழே தேங்காயெண்ணெய் உறையத் தொடங்கும், பெங்களூர் ராத்திரிக் குளிரில் தையல் இடுக்கெல்லாம் வெள்ளையாகப் பூத்து நிற்கும். எந்த எண்ணெயானாலும் கட்டுவதற்கு முன் வேண்டாம். எண்ணெய் பூசிய தோலை மூடிக் கட்டினால் துணியில் கறை இறங்கும், பூஞ்சணமும் திரும்ப வரும். போய்ச் சேர்ந்த பிறகு மகளே பூசிக்கொள்ளட்டும்.

இனிக் கழற்றுவது. அங்கவடிகளையும் (ஏறுகிறவர் கால் வைக்கும் வளையங்கள்) அவற்றின் வார்களையும் எடுத்துவிடுங்கள். வார் மாட்டியிருக்கும் இரும்புக் கம்பியிலிருந்து பின்பக்கமாக இழுத்தால் வந்துவிடும். இடது வார் எது, வலது எது என்று நூலால் அடையாளம் கட்டுங்கள். ஏறும்போது இடது பக்கமே பாரம் தாங்குவதால் அந்த வார் கொஞ்சம் நீண்டிருக்கும். வார்களை மடிக்காமல் தளர்வாகச் சுருட்டுங்கள், பழைய தோல் மடித்த இடத்தில் கீறிவிடும். குதிரையின் வயிற்றைச் சுற்றிச் சேணத்தை இறுக்கும் வயிற்றுவாரையும் தனியாக எடுத்துவிடுங்கள். அங்கவடி இரும்பு ஒவ்வொன்றையும் துண்டில் சுற்றிப் பெட்டியின் அடி மூலையில் அசையாமல் செருகுங்கள். அது சுற்றாமல் சேணத்தோடு கிடந்தால், ஓசூர் தாண்டுவதற்குள் தோலை எத்தனை இடத்தில் கீறியிருக்கும் என்று சொல்ல முடியாது.

சேணத்தின் மேல் முதலில் பழைய பருத்தி வேட்டி, கஞ்சி போடாதது. செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். பபிள் ரேப்பை நேராகத் தோல்மேல் சுற்றினால் உஷ்ணத்திலும் அழுத்தத்திலும் அந்தக் குமிழ்கள் அப்படியே அச்சு விழும். உள்ளே வேர்க்கவும் செய்யும். ஆகவே வேட்டிக்கு மேல்தான் பபிள் ரேப், அதுவும் இரண்டு சுற்று, அடிப்பக்கத்தைத் திறந்து விட்டு.

பெட்டி புதிதாக, ஐந்து பிளை (ஐந்து அடுக்கு) அட்டையில் இருக்கட்டும். ஏழு பிளை கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரு தடவை பயணம் போன பெட்டியின் அட்டை நொந்திருக்கும். சேணத்தின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து, ஒவ்வொன்றிலும் 10 சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். உள்ளே வைக்கும் விதம்தான் முக்கியம். பழைய ஜமுக்காளத்தைக் கெட்டியாகச் சுருட்டி, குதிரையின் முதுகெலும்பு வருகிற அந்தப் பள்ளத்தில் முன்னிருந்து பின்வரை கொடுத்து, அதன் மேல் சேணத்தை உட்கார வையுங்கள். அடியில் இருக்கும் கம்பளி அடைத்த மெத்தைகள் பெட்டித் தரையில் நசுங்கினால் கம்பளி கட்டி கட்டியாகிவிடும், பிறகு பிரித்து அடைக்க வேண்டியதுதான். பக்கத்தோல்கள் உள்ளே மடங்காமல் இயல்பாகத் தொங்க வேண்டும். சுற்றிலும், குறிப்பாக மேலே, கசக்கிய பழுப்புத் தாளோ பழந்துணியோ இடைவெளியில்லாமல் திணியுங்கள். மேலே வெற்றிடம் இருந்தால் அடுத்த பெட்டி ஏறியதும் மூடி உள்வாங்கிப் பாரம் முழுவதும் பின்மேட்டில்தான் இறங்கும். மூடிவிட்டுக் குலுக்குங்கள். ‘தொம்’ என்றால் மறுபடி திறந்து திணிக்க வேண்டியதுதான். ‘இந்தப் பக்கம் மேலே’ என்று அம்புக்குறி போடலாம், ஆனால் அதை நம்பிக் கட்டாதீர்கள்; எந்தப் பக்கம் புரண்டாலும் தாங்குகிறபடிதான் கட்ட வேண்டும்.

வைக்கோல் ஏன் கூடாது? ஈரம் இழுக்கும், பூச்சி வைத்திருக்கும். வாழைச்சருகும் அப்படியே. சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து போடுங்கள். வெளியே மழைக்குத் தடிமனான பாலித்தீன் தாள் சுற்றி, அதன் மேல் சாக்குத் தைப்பதானால் தைக்கலாம். ஆனால் உரச் சாக்கு ஆகாது. மிச்சமிருக்கும் உரத்தூள் ஈரம் பிடித்துக் கசிந்து உள்ளே போனால் பக்கிள் எல்லாம் துருவேறும்.

கூலி விஷயத்தில் ஓர் அதிர்ச்சி இருக்கிறது. கூரியரில் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து, வருவதை கிலோவாக எடுத்துக்கொள்வார்கள்; சில இடங்களில் வகுக்கும் எண் மாறும். 60, 50, 45 அளவுப் பெட்டி என்றால் 27 கிலோ. உள்ளே இருப்பது 10 கிலோ இருந்தாலும் 27க்குத்தான் பில். அதற்காகச் சேணத்தை அமுக்கிச் சின்னப் பெட்டியில் அடைக்கப் போய்விடாதீர்கள். லாரி பார்சலில் கூலி குறைவு, ஆனால் குடோனில் கிடக்கும், கை அதிகம் மாறும். ஆம்னி பஸ் ஒரே ராத்திரியில் போய்விடும். நம் தேர்வு அதுதான். ஏற்றும்போது மட்டும் உங்கள் வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று, கருவாட்டுக் கூடைக்கும் மீன் பெட்டிக்கும் தள்ளி வைக்கச் சொல்ல வேண்டும். தோலில் ஏறிய கருவாட்டு வாசம் லேசில் போகாது!

ரசீதில் ‘பழைய தோல் சாமான், சொந்த உபயோகம், விற்பனைக்கல்ல’ என்று எழுதி, உண்மையான மதிப்பைப் போட்டு, இன்சூரன்ஸ் உண்டா என்று கேளுங்கள். கட்டும்போது ஒவ்வொரு கட்டமாகப் போட்டோ எடுத்து வையுங்கள். முகவரியும் போன் நம்பரும் எழுதிய தாள் ஒன்றைப் பெட்டிக்குள்ளும் போடுங்கள், மேலே ஒட்டியது மழையில் உரிந்தாலும் அது உதவும். மகள் வாங்கும்போது பெட்டி நசுங்கியிருந்தால் அதைக் குறிப்பிட்டுவிட்டே கையெழுத்துப் போட வேண்டும். பிரித்ததும் அந்த வயிற்று முட்டுச் சோதனையை அவளும் செய்யட்டும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அனுப்பாதீர்கள். திங்கள் அல்லது செவ்வாயில் ஏற்றுங்கள். சனிக்கிழமை ஏற்றினால் ஞாயிறு முழுக்க எங்காவது ஷெட்டில் கிடக்கும்.