புல்தரைத் தெளிப்பானுக்கு எந்தக் குழாய்?

வீட்டுப் புல்தரையில் தெளிப்பான் அமைக்க பிவிசி நல்லதா, எச்டிபிஇ (வளையக்கூடிய பிளாஸ்டிக் குழாய்) நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் கலந்து போடுங்கள் என்பேன்.

மோட்டாரிலிருந்து வால்வு வரை எப்போதும் அழுத்தம் தாங்கும் முதன்மைக் குழாய்க்கு பிவிசி போதும். பிவிசி குழாய்க்கான இந்தியத் தரமான ஐஎஸ் 4985 முத்திரையும் 6 கிலோ (சதுர செ.மீ.க்கு) அழுத்தத் தரமும் பார்த்து வாங்குங்கள். ஆனால் அதை வெயிலில் விடவே கூடாது. சில ஆண்டுகளில் வெளுத்து, மண்வெட்டி பட்டாலே உடையும். ஓரடி ஆழத்தில் புதையுங்கள். பசை பூசிய இணைப்பை ஒரு நாள் காயவிட்ட பிறகே தண்ணீர் திறக்க வேண்டும். அவசரப்பட்டால் கசிவு மண்ணுக்கடியில்தான் தெரியவரும், தோண்டியெடுப்பது பெரும்பாடு.

வால்வுக்குப் பின் தெளிப்பான்களுக்குப் பிரியும் கிளைகளுக்கு எச்டிபிஇ. சுருளாகக் கிடைக்கும், மரவேரைச் சுற்றி வளையும், இணைப்புகள் குறையும். சொட்டுநீருக்கான மெல்லிய 16 மி.மீ. கறுப்புக் குழாயை இங்கே போடாதீர்கள், அழுத்தம் தாங்காது. ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயும் வேண்டாம், துரு உதிர்ந்து தெளிப்பான் துளையை அடைக்கும்.

ஒன்று முக்கியம்: மேல்நிலைத் தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் 1 கிலோ அழுத்தமே கிடைக்கும். மண்ணிலிருந்து எழும்பும் வகைத் தெளிப்பானுக்குச் சுமார் 2 கிலோ தேவை. குழாய்க்கு முன் மோட்டாரை முடிவு செய்யுங்கள்.