இயந்திரம் மொழிபெயர்த்ததை வரிவரியாகத் திருத்திய பிறகும், கிண்டிலில் 'செயற்கை நுண்ணறிவு' என்று அறிவிக்க வேண்டுமா?

வேண்டும். காப்புரிமை முடிந்த ஓர் ஆங்கில நாவலைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்துத் தமிழாக்கி, பிறகு நீங்கள் உட்கார்ந்து திருத்தியிருக்கிறீர்கள் என்று எண்ணிக்கொள்கிறேன். அமேசானில் நாமே நூல் வெளியிடும் தளமான கேடிபி 2023 செப்டம்பரில் கொண்டுவந்த விதி இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. உரை, படம், மொழிபெயர்ப்பு ஆகியவற்றில் எதைச் செயற்கை நுண்ணறிவுக் கருவி உருவாக்கியிருந்தாலும், பின்னர் எவ்வளவு திருத்தியிருந்தாலும், அது கருவி உருவாக்கியதே. நீங்களே எழுதியதைப் பிழைதிருத்தவோ மெருகேற்றவோ மட்டும் கருவியை நாடியிருந்தால் அறிவிக்கத் தேவையில்லை.

நூலை ஏற்றும்போது இக்கேள்வி வரும். மொழிபெயர்ப்பு என்ற வரியில், முழு நூலும் கருவியால் ஆனது, ஆனால் விரிவாகத் திருத்தப்பட்டது என்ற பொருளில் ஒரு தெரிவு உண்டு. அதைத் தேர்ந்து, கருவியின் பெயரையும் எழுதிவிடுங்கள். திருத்தியவரின் உழைப்புக்கு அங்கே கிடைக்கும் மரியாதை அவ்வளவுதான். அதுவும் அமேசானோடு நின்றுவிடுகிறது, வாசகர் கண்ணில் படுவதில்லை.

எனக்கு ஆற்றாமையே அந்த இடத்தில்தான். மெய்ப்புப் பார்க்க வேண்டும் என்று சொல்லி ஒரு பதிப்பாளர் எனக்கோர் இயந்திர மொழிபெயர்ப்புக் கோப்பை அனுப்பினார். முதல் அத்தியாயத்திலேயே மருமகள் மாமியாரை ஒரு பத்தியில் 'நீங்கள்' என்கிறாள், அடுத்த பத்தியில் 'நீ' என்கிறாள். ஊர்ப்பெயர்கள் அத்தியாயத்துக்கு அத்தியாயம் எழுத்து மாறியிருந்தன. மூலத்தைத் தேடியெடுத்து ஒப்பிட்டு, பாதிக்கு மேல் புதிதாகவே எழுதிக் கொடுத்தேன். கூலி மெய்ப்புக்கான பக்கக் கணக்கில்தான் வந்தது, அட்டையில் மொழிபெயர்ப்பாளராகப் பதிப்பாளரின் பெயரே இருந்தது. கருவியின் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை.

இதைப் படித்துவிட்டு நான் தொழில்நுட்பத்துக்கு எதிரி என்று யாரும் கிளம்ப வேண்டாம். கலைச்சொல் தேட நானும் அதைத்தான் திறக்கிறேன். அறிவித்தால் விற்பனை படுத்துவிடும் என்போர், வாசகருக்குக் காட்டப்படாத ஓர் அறிவிப்பு விற்பனையை எப்படிக் கெடுக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

கேடிபி கேட்காவிட்டாலும், உரிமைப் பக்கத்தில் 'முதல் வரைவு இயந்திர மொழிபெயர்ப்பு. மூலத்துடன் ஒப்பிட்டுத் திருத்தியவர் இன்னார்' என்று ஒரு வரி சேருங்கள். திருத்தியது வேறொருவர் என்றால் அவரைக் கேட்டுக்கொண்டு அவர் பெயரைப் போடுங்கள். அட்டைப்படமும் கருவி வரைந்தது என்றால், படம் என்ற வரியையும் தனியே நிரப்ப வேண்டும்.