பீர் தொப்பை: சிட்-அப் எடுத்தும் வயிறு குறையாதது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 42. ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். காலை ஒன்பதரையிலிருந்து இரவு எட்டு மணி வரை நாற்காலியில்தான் இருப்பேன். உயரம் 170 செ.மீ., எடை 82 கிலோ. கை கால்கள் ஒல்லியாகவே இருக்கின்றன. வயிறு மட்டும் முன்னே தள்ளிக்கொண்டு நிற்கிறது. புதன், சனி, ஞாயிறு இரவுகளில் நண்பர்களுடன் ஸ்ட்ராங் பீர் இரண்டு பாட்டில் குடிப்பேன். மற்ற நாள்களில் தொடுவதில்லை. மூன்று மாதமாகத் தினமும் ஐம்பது சிட்-அப் எடுக்கிறேன். இடுப்பு வலி வந்ததே தவிர, வயிறு கொஞ்சமும் இறங்கவில்லை. தொப்பை குறைய எந்த உடற்பயிற்சி சரியானது? பீரை விட்டுப் பிராந்திக்கு மாறினால் போதும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இடுப்பில் கட்டிக்கொள்ளும் பெல்ட்டும் விற்கிறார்கள். இவற்றால் பலன் உண்டா? என் தந்தைக்குச் சர்க்கரை நோய் இருந்தது.

பதில்: சிட்-அப் எடுப்பதை இன்றே நிறுத்திவிடுங்கள். அது தவறான பயிற்சி என்பதற்காகச் சொல்லவில்லை; உங்கள் வயிற்றை முன்னே தள்ளிக்கொண்டிருக்கும் பொருளுக்கும் சிட்-அப்புக்கும் தொடர்பே இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். வயிற்றுச் சுவரின் தசை வலுவாவதால் அதன் பின்னால் சேர்ந்திருக்கும் கொழுப்பு கரைவதில்லை. உடல் தனக்கு ஆற்றல் தேவைப்படும்போது எந்த இடத்துக் கொழுப்பை எடுப்பது என்பதை நாம் அசைக்கும் தசையைப் பார்த்துத் தீர்மானிப்பதில்லை. போதாததற்கு, சிட்-அப்பில் உடலைத் தூக்கும் வேலையில் பெரும்பங்கைச் செய்வது இடுப்பு முதுகெலும்பில் தொடங்கித் தொடை எலும்பில் முடியும் தசை. நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பவருக்கு அது ஏற்கெனவே குறுகி இறுகியிருக்கும். அது முதுகெலும்பை முன்னே இழுப்பதால் உங்களுக்கு இடுப்பு வலி வந்திருக்க வாய்ப்புண்டு. பயிற்சியை நிறுத்திய இரண்டு, மூன்று வாரங்களில் வலி குறையாவிட்டாலும், காலுக்குப் பரவினாலும் நேரில் பரிசோதித்துக்கொள்வது அவசியம்.

கை கால்கள் ஒல்லி, வயிறு மட்டும் பெரிது என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் எனக்கு முக்கியமான தகவல். கொழுப்பு தோலுக்கு அடியிலும் சேரும். வயிற்றுக்குள் குடல், கல்லீரல், கணையம் ஆகியவற்றைச் சுற்றியும் சேரும். தோலடிக் கொழுப்பை இரண்டு விரல்களால் கிள்ளிப் பிடிக்க முடியும். உள்ளே சேர்வதைப் பிடிக்க முடியாது. அதனால்தான் அத்தகைய தொப்பை தளர்ந்து தொங்காமல், தட்டினால் கெட்டியாக நிற்கிறது. சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம், மாரடைப்பு ஆகியவற்றோடு நெருங்கிய தொடர்புடையது இந்த உட்கொழுப்புதான். மெலிந்த தோற்றமுள்ள இந்தியர்களிடமும் இது மிகுதி. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கினும் 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் தங்களையே ஒப்பிட்டு எழுதினார்கள். இருவருடைய உடல் நிறை குறியீட்டெண்ணும் (உயரத்துக்கு எடை எவ்வளவு என்பதைக் காட்டும் பி.எம்.ஐ.) ஒன்றே, 22.3. ஆனால், உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். எடை பார்க்கும் இயந்திரம் நம்மைப் பற்றி முழு உண்மையைச் சொல்வதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. உங்கள் குறியீட்டெண் 28-ஐத் தாண்டுகிறது. இந்தியர்களுக்கு 25-இலேயே உடல் பருமன் தொடங்குகிறது.

ஆகவே தையல் டேப் ஒன்றை வாங்கி, வயிற்றுச் சுற்றளவை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பேன்ட் அளவை நம்ப வேண்டாம். தொப்பை உள்ளவர்கள் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே கட்டுவதால், வயிறு எவ்வளவு வளர்ந்தாலும் அந்த எண் பல ஆண்டுகள் மாறாமலே இருக்கும். கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பைத் தரைக்கு இணையாகச் சுற்றி, வயிற்றை உள்ளிழுக்காமல், இயல்பாக மூச்சை விட்டு முடித்த நிலையில் அளக்க வேண்டும். இந்திய ஆண்களுக்கு இது 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். உயரத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்பது இன்னொரு கணக்கு. உங்கள் உயரத்துக்கு அது 85 செ.மீ.

இனி பீருக்கு வருகிறேன். நம் ஊரில் ஒரு பாட்டில் 650 மி.லி. ஸ்ட்ராங் பீரில் 8 சதவீதம் வரை மதுச்சாரம் இருக்கும். அப்படியானால் ஒரு பாட்டிலில் ஏறத்தாழ 41 கிராம். ஒரு கிராம் மதுச்சாரம் 7 கலோரி தருகிறது; மாவுச்சத்து தருவதோ 4 கலோரிதான். பீரில் மீந்திருக்கும் மாவுச்சத்தையும் சேர்த்தால் பாட்டிலுக்கு 350 முதல் 400 கலோரி. வாரத்துக்கு ஆறு பாட்டில் என்றால் 2,100-க்குக் குறையாது. உட்கார்ந்து வேலை செய்யும் ஓர் ஆணுக்கு ஒரு முழு நாளைக்குத் தேவைப்படும் ஆற்றல் ஏறத்தாழ அவ்வளவுதான். அதாவது, ஏழு நாளில் நீங்கள் எட்டு நாள் உணவை உட்கொள்கிறீர்கள்.

கலோரியோடு இது முடிந்துவிடுவதுமில்லை. உடலால் மதுவைச் சேமித்துவைக்க முடியாது. நச்சாகக் கருதி முதலில் அதையே எரித்துத் தீர்க்கிறது. அது தீரும் வரை, கூடவே உண்ட சிக்கன் 65-இன் எண்ணெயும் பரோட்டாவின் எண்ணெயும் எரிவதற்கு முறை வராமல் கொழுப்புக் கிடங்குக்குப் போகின்றன. கல்லீரல் ஒரு மணி நேரத்தில் நீக்கக்கூடிய மதுச்சாரம் சராசரியாக 7 முதல் 10 கிராம்தான். இரண்டு பாட்டிலில் உள்ள 82 கிராமைத் தீர்க்க எட்டு மணி நேரத்துக்கு மேலாகும். சிலருக்குப் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகலாம். புதன் இரவு பத்து மணிக்கு நீங்கள் எழுந்து வந்தாலும், வியாழன் காலை அலுவலகத்துக்கு வண்டி எடுக்கும்போது உங்கள் ரத்தத்தில் மது மிச்சம் இருக்கக்கூடும் என்பதையும் தயவுசெய்து நினைவில் வையுங்கள்.

பிராந்திக்கு மாறுவதால் தொப்பை குறையாது. 42.8 சதவீதம் மதுச்சாரமுள்ள ஒரு குவார்ட்டரில், அதாவது 180 மி.லி.யில், 60 கிராமுக்கு மேல் மது இருக்கிறது. கலோரி 400-ஐத் தாண்டுகிறது. அதில் கூல்டிரிங்க்ஸ் கலந்தால் சர்க்கரையும் சேர்கிறது. பீரின் பெயரால் அழைக்கப்பட்டாலும் இந்தத் தொப்பை எந்த மதுவாலும் வரும். மதுவே தொடாமல் அளவுக்கு மீறி உண்பவருக்கும் வரும். உங்களைப் பொறுத்தவரை, வாரத்துக்கு ஏறத்தாழ 250 கிராம் மது அருந்துகிறீர்கள். குறைந்த ஆபத்து என்று பிரிட்டன் தன் மக்களுக்கு வகுத்துள்ள எல்லை வாரத்துக்கு 112 கிராம்தான். பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவித்தது. மது புற்றுநோயை உண்டாக்கும் என்பது 1988-இலிருந்தே உறுதிசெய்யப்பட்ட உண்மை. முற்றிலும் விட்டுவிடுவதே மிக நல்லது என்பது என் உறுதியான கருத்து.

ஒரேயடியாக விடுவது கடினம் என்று நீங்கள் நினைத்தால், முதலில் புதன்கிழமையை விட்டுவிடுங்கள். வாரத்தின் நடுவில் வரும் அந்த ஓர் இரவுதான் அன்றைய தூக்கத்தையும் மறுநாள் நடையையும் சேர்த்துக் கெடுக்கிறது. சனிக்கிழமை போகும் முன் வீட்டிலேயே இரவு உணவை முடித்துவிட்டுப் போங்கள். பசித்த வயிற்றோடு உட்கார்ந்தால் வறுத்த வேர்க்கடலையும் மிக்சரும் கணக்கில்லாமல் உள்ளே போகும். 100 கிராம் வறுத்த வேர்க்கடலையே 570 கலோரிக்கு மேல். கலைந்து வரும்போது நள்ளிரவுக் கடையில் முட்டைப் பரோட்டா உண்ணும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அதை மட்டும் நிறுத்தி, ஒரே மாதத்தில் வயிற்றில் வேறுபாடு கண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் வாரத்தில் நான்கு நாள் குடிக்காமல் இருக்கிறீர்கள் என்பதால் நிறுத்துவதில் உங்களுக்கு உடல்ரீதியான ஆபத்து இருக்காது. ஆனால், தினமும் மிகுதியாகக் குடிக்கும் ஒருவர் இதைப் படித்துவிட்டுத் திடீரென்று நிறுத்திவிடக்கூடாது. நிறுத்திய முதல் இரண்டு நாள்களுக்குள் கை நடுக்கம், வியர்வை, வலிப்பு வரலாம். தொடர்ந்து குழப்பமும் இல்லாதவை தெரிவதும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். அத்தகையவர்கள் மருத்துவரின் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு.

உடற்பயிற்சியில் முதலிடம் வேக நடைக்கே. உடன் வருபவரோடு பேச முடியும், ஆனால் பாட முடியாது என்ற அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். அதற்குக் குறைந்தால் அது உலாவல்தான். வாரத்துக்கு 150 நிமிடங்களில் தொடங்கி, இரண்டு மாதங்களில் 300 நிமிடங்களை நெருங்குங்கள். உங்கள் எடையில் ஒரு மணி நேர வேக நடைக்கு ஏறத்தாழ 350 கலோரி செலவாகும். ஒரு பாட்டில் ஸ்ட்ராங் பீருக்கு அது ஈடு. குடித்துவிட்டு நடந்து கழித்துவிடலாம் என்ற திட்டம் ஏன் பலிப்பதில்லை என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. ஆனாலும் நடை வீணல்ல. எடை இயந்திரத்தில் முள் அசையாத வாரங்களிலும், தொடர்ந்து நடப்பவர்களின் வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பு குறைகிறது. கல்லீரலில் படிந்த கொழுப்பும் குறைகிறது. சைக்கிள், நீச்சல், ஷட்டில் எதுவாக இருந்தாலும் சரி. ஆறு மாதம் கழித்தும் நீங்கள் விடாமல் செய்துகொண்டிருக்கக்கூடியது எதுவோ அதுவே உங்களுக்கான பயிற்சி.

இரண்டாவது, தசைக்கான பயிற்சி. மெலிந்த கை கால்கள் உங்களுக்குத் தசை குறைவு என்பதைக் காட்டுகின்றன. உண்ட உணவிலிருந்து ரத்தத்தில் சேரும் சர்க்கரையைப் பெருமளவு வாங்கிக்கொள்பவை தசைகளே. தந்தைக்குச் சர்க்கரை நோய் இருந்த உங்களுக்கு இதைவிட நல்ல முதலீடு கிடையாது. ஜிம்முக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. நம் பழைய தண்டாலும் பஸ்கியும் போதும். பஸ்கியை முதலில் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதாகச் செய்யுங்கள். கையை ஊன்றாமல், மெல்ல மூன்று எண்ணி உட்கார்ந்து எழ வேண்டும். தண்டாலைச் சுவரில் கை ஊன்றித் தொடங்கி, பிறகு மேசை விளிம்பு, பிறகு தரை என்று இறக்கிக்கொண்டு வாருங்கள். பத்துப் பத்தாக மூன்று சுற்று, வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள் செய்தால் போதும். வயிற்றுத் தசைக்கு ஏதாவது வேண்டும் என்றால், முழங்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடலைப் பலகைபோல நேராக நிறுத்தும் பயிற்சியை இருபது வினாடி அளவில் தொடங்கலாம், மூச்சை அடக்கக்கூடாது.

அதற்கு முன் ஒரு சோதனை. மல்லாந்து படுத்து, தலையை மட்டும் மெல்லத் தூக்குங்கள். வயிற்றின் நடுக்கோட்டில் ஒரு மேடு எழும்பினால் தசைகள் நடுவில் விலகியிருக்கின்றன என்று பொருள். இருமும்போது தொப்புள் புடைத்தால் அது குடலிறக்கமாக இருக்கலாம். இரண்டில் எது இருந்தாலும் வயிற்றை அழுத்தும் பயிற்சிகளுக்கு முன் அறுவை சிகிச்சை மருத்துவரைப் பாருங்கள்.

பெல்ட் வேண்டாம். அதைக் கழற்றும்போது குறைந்திருப்பது வியர்வையாக வெளியேறிய நீர்தான்; இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தால் திரும்பிவிடும்.

உணவில் பெரிய புரட்சி எதையும் நான் கேட்கவில்லை. இரவு எட்டு மணிக்கு வேலை முடிகிறது என்றால், எட்டரைக்குள் சாப்பிட்டுவிடப் பாருங்கள். மதியம் சோற்றை ஒரு கரண்டி குறைத்து, அந்த இடத்தில் சுண்டல், முட்டை, மீன் அல்லது தயிர் வரட்டும். பொரியல் இரண்டு மடங்காகட்டும். அலுவலகத்தில் நான்கு முறை டீ வந்தால் அவற்றில் இரண்டையாவது சர்க்கரை இல்லாமல் குடியுங்கள். தூக்கம் ஏழு மணி நேரத்துக்குக் குறைந்தால் மறுநாள் பசி கூடும். நீங்கள் குறட்டை விடுபவர் என்றால், தூக்கத்தில் மூச்சு நின்று திணறுகிறீர்களா என்று வீட்டில் கேட்டுச் சொல்லுங்கள். மது குடித்த இரவுகளில் அது மோசமாகும்.

மாதத்துக்கு இரண்டு கிலோவுக்கு மேல் எடை குறைய வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். 82-இலிருந்து 76 கிலோவுக்கு வந்தாலே, எடையில் 7 சதவீதம் குறைந்திருக்கும். கல்லீரல் கொழுப்பு வடிவதற்கு அந்த அளவே போதுமானது. சுற்றளவை வாரம் ஒருமுறை, ஒரே நாளில், காலையில் சாப்பிடும் முன் அளந்தால் போதும்.

பயிற்சியைத் தொடங்கும் முன் ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்பு அளவு, கல்லீரல் பரிசோதனை, வயிற்று ஸ்கேன் ஆகியவற்றைச் செய்துகொள்ளுங்கள். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ வழக்கத்துக்கு மீறிய மூச்சுத்திணறலோ ஏற்பட்டால் நடையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வயிறு சில வாரங்களிலேயே வேகமாகப் பெருத்தாலும், கால் வீங்கினாலும், கண் மஞ்சளானாலும் அது கொழுப்பல்ல. கல்லீரல் பழுதடைந்து வயிற்றில் நீர் கோர்ப்பதாக இருக்கலாம், காத்திருக்கக்கூடாது. பரிசோதனை முடிவுகளை எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரைப் பார்க்கும்போது, எப்போதாவது குடிப்பேன் என்று பொதுவாகச் சொல்லாமல், எனக்கு எழுதியதைப் போலவே எத்தனை நாள், எத்தனை பாட்டில், என்ன வகை என்று சொல்லுங்கள். கல்லீரல் பரிசோதனையின் எண்களை அதை வைத்துத்தான் அவரால் சரியாகப் படிக்க முடியும்.